ரோலில் அனுமதி இருக்கு, ஆனா ‘கில்’ போகமாட்டேங்குது

கேள்வி: 3 பிப்ரவரி 2025, இரவு 10.52

அண்ணா, பெங்களூர் மாரத்தஹள்ளில ஒரு கம்பெனி சப்போர்ட் டீம்ல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. பழைய சொலாரிஸ் 10 (யூனிக்ஸ்) மெஷின் ரெண்டு, ரெட் ஹேட் (லினக்ஸ்) மெஷின் கொஞ்சம் எங்க பொறுப்பு. எனக்கு ஒரு ரோல், அதாவது சில அட்மின் வேலைக்கு மட்டும் அதிகாரம் உள்ள தனிக் கணக்கு, குடுத்திருக்காங்க. அதுல ப்ராசஸ் மேனேஜ்மென்ட் ப்ரொஃபைல் (எந்தெந்தக் கட்டளைக்கு அதிகாரம்னு சொல்ற தொகுப்பு) இருக்கு. ரோலுக்குள்ள போய், ஓடுற ப்ராசஸை நிறுத்த ‘கில்’ அடிச்சா பெர்மிஷன் டினைட்னு வருது. ‘ப்ரொஃபைல்ஸ்’ அடிச்சுப் பார்த்தா லிஸ்ட்ல தெளிவா இருக்கு. ரெட் ஹேட் பக்கம், ரூட் (முழு அதிகாரக் கணக்கு) அதிகாரத்தோட டைரக்டரி மாத்த ‘சூடோ சிடி’ அடிச்சா எர்ரரும் வரல, டைரக்டரியும் மாறல. எங்க லீட், “தினம் ஒரு தொல்லை, ரோலுக்கு ரூட் ஷெல்லே குடுத்துடலாம்”னு சொல்றார். குடுக்கலாமா?

3 பிப்ரவரி, இரவு 11.35

குடுக்க வேண்டாம் தம்பி. லீடிடம் ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்.

‘கில்’ என்று மட்டும் அடிக்காமல் /யூஎஸ்ஆர்/பின்/கில் என்று முழுப் பாதையோடு அடித்துப் பார். போகும். காரணத்தைக் காலையில் எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, காலை 7.10

சில்க் போர்டு நெரிசல் தொடங்குமுன் கிளம்ப வேண்டும், முடிந்தவரை எழுதிவிடுகிறேன்.

ஷெல்லில், அதாவது கட்டளைகளை வாங்கி இயக்கும் ப்ரோகிராமில், நீ அடிக்கிற கட்டளைகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று டிஸ்க்கில் தனி ஃபைலாக இருப்பது. அதை இயக்க ஷெல் ஃபோர்க் செய்து (தன்னைப் போல ஒரு பிள்ளை ப்ராசஸை உண்டாக்கி), பிறகு ‘எக்ஸெக்’ என்ற சிஸ்டம் கால் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் வைக்கும் கோரிக்கை) மூலம் அந்த ஃபைலைக் கர்னலிடம் ஒப்படைக்கும். இன்னொன்று ஷெல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் பில்ட்இன். ‘சிடி’, ‘யூமாஸ்க்’, ‘யூலிமிட்’, ‘எக்ஸ்போர்ட்’ எல்லாம் இந்த வகை. ‘கில்’, ‘எக்கோ’, ‘டெஸ்ட்’, ‘பிடபிள்யூடி’ போன்றவை இரண்டு வகையிலும் இருக்கும், ஆனால் வெறும் பெயரை அடித்தால் ஷெல் தன் வயிற்றில் இருப்பதைத்தான் எடுக்கும். லினக்ஸில் வழக்கமான ஷெல்லான பேஷில் ‘டைப் மைனஸ் ஏ கில்’ அடித்தால் இரண்டையும் வரிசையாகக் காட்டும்.

ரோல், ப்ரொஃபைல், சூடோ, செட்யூஐடி, எஸ்இலினக்ஸ் டொமைன் என்று எதை எடுத்தாலும், கூடுதல் அதிகாரம் ஒட்டிக்கொள்கிற இடம் பெரும்பாலும் அந்த எக்ஸெக்தான். அபார்ட்மென்ட் கேட்டை நினைத்துக்கொள். வெளியிலிருந்து வருகிறவருக்கு வாட்ச்மேன் பெயர் கேட்டு, நோட்டில் எழுதி, பாஸ் கொடுத்து உள்ளே விடுவார். வீட்டுக்குள்ளேயே இருப்பவர் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனால் வாட்ச்மேனுக்குத் தெரியப்போவதில்லை. அவர் கையில் பாஸும் இருக்காது, நோட்டில் பெயரும் இருக்காது. பில்ட்இன் என்பது அந்த வீட்டுக்குள் இருப்பவர்.

பாஸ் இல்லை என்பது உன் பிரச்சினை. நோட்டில் பெயர் இல்லை என்பது இதைவிடப் பெரிய பிரச்சினை. அதற்குத் திரும்ப வருகிறேன்.

4 பிப்ரவரி, பிற்பகல் 1.25

சொலாரிஸ் பக்கத்தை முடித்துவிடலாம். ரோல் வசதி அங்கே 2000-இல் வந்த சொலாரிஸ் 8-லிருந்து இருக்கிறது. எந்த ப்ரொஃபைலில் எந்தக் கட்டளைக்கு என்ன அதிகாரம் என்பது /ஈடிசி/செக்யூரிட்டி டைரக்டரியில் எக்ஸெக்_அட்டர் ஃபைலில் வரிவரியாக இருக்கும். பெயரைக் கவனி: எக்ஸெக் அட்டர். அந்த வரியில் உள்ளது கட்டளையின் பெயர் இல்லை, முழுப் பாதை.

ரோல் கணக்குகளுக்கு ஷெல்லாக வழக்கமாக, ப்ரொஃபைலைப் பார்த்து நடக்கும் பிஎஃப்எஸ்ஹெச், பிஎஃப்சிஎஸ்ஹெச், பிஎஃப்கேஎஸ்ஹெச் இவற்றில் ஒன்று இருக்கும். நீ அடித்த கட்டளையை அந்த ஷெல் பிஎஃப்எக்ஸெக் வழியாக அனுப்பும். பிஎஃப்எக்ஸெக் அந்த ஃபைலில் தேடி, வரி கிடைத்தால் அதிலுள்ள அதிகாரத்தோடு இயக்கும். உன் ரோலின் ஷெல் பிஎஃப்கேஎஸ்ஹெச், அதாவது கேஎஸ்ஹெச் ஷெல்லின் ப்ரொஃபைல் வடிவம், என்று வைத்துக்கொள்கிறேன். கேஎஸ்ஹெச்சில் ‘கில்’ பில்ட்இன். ஆகவே அது பிஎஃப்எக்ஸெக் பக்கமே போகவில்லை. இன்னொருவருடைய ப்ராசஸுக்கு சிக்னல் அனுப்ப ‘ப்ராக்_ஓனர்’ அதிகாரம் வேண்டும், ஷெல்லிடம் அது கிடையாது. மறுப்பு வந்தது நியாயம்தான். உன் ப்ரொஃபைலில் ஒரு தவறும் இல்லை.

சொலாரிஸ் 11-இல் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே கர்னலே பார்த்துக்கொள்ளும்.

4 பிப்ரவரி, இரவு 9.40

‘கமாண்ட் கில்’ என்று அடித்தால் பில்ட்இன்னைத் தாண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாண்டாது. ‘கமாண்ட்’ ஒதுக்குவது அதே பெயரில் நாம் எழுதி வைத்த ஃபங்ஷன்களை மட்டும்தான்.

‘என்வ் கில்’ வெளி ஃபைலைத்தான் கூப்பிடும், ஆனால் சொலாரிஸ் 10 ரோலுக்குள் அதுவும் உதவாது. பிஎஃப்எக்ஸெக் பார்ப்பது ‘என்வ்’ என்ற கட்டளையை. அது ப்ரொஃபைலில் இல்லை, சாதாரணமாக ஓடும். பிறகு அது கூப்பிடுகிற ‘கில்’லும் சாதாரணமாகத்தான் ஓடும். முழுப் பாதைதான் நேர் வழி. பேஷ் பழக்கமுள்ளவர்கள் ‘எனேபிள் மைனஸ் என் கில்’ என்று போட்டு அந்த பில்ட்இன்னை அணைத்தும் வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் ‘கில் %1’ என்று ஜாப் எண் கொடுக்கும் வசதி போய்விடும். ஜாப் எண்கள் ஷெல்லின் சொந்தக் கணக்கு, வெளியே இருக்கிற கில்லுக்கு அது தெரியாது. ‘சூடோ கில் %1’ தோற்பதும் இதனால்தான்.

5 பிப்ரவரி, காலை 6.50

நேற்று மத்தியானம் கடைசியாக எழுதிய வரி தவறு. படுத்த பிறகுதான் உறைத்தது.

2011 நவம்பரில் வந்த சொலாரிஸ் 11-இல் ப்ரொஃபைலைச் சரிபார்க்கும் வேலை ஷெல்லிடமிருந்து கர்னலுக்குப் போனது உண்மை. ப்ராசஸின் மேல் ஒரு கொடி இருக்கும், அது எக்ஸெக் செய்யும்போது கர்னல் பிஎஃப்எக்ஸெக்டி என்ற, பின்னணியில் ஓடும் டீமனிடம் கேட்டுக்கொள்ளும். அதனால்தான் பேஷ், இசட்எஸ்ஹெச் எல்லாவற்றுக்கும் ப்ரொஃபைல் வடிவம் கிடைத்தது. ஆனால் கேட்கிற நேரம் அப்போதும் எக்ஸெக்தான். பில்ட்இன் எக்ஸெக் செய்யாது. ஆக பிஎஃப்பேஷுக்குள் வெறும் ‘கில்’ அடித்தால் 11-இலும் அதே கதைதான். வாட்ச்மேன் மாறினார், கேட் அதே இடத்தில்தான் இருக்கிறது.

5 பிப்ரவரி, இரவு 10.15

இப்போது ‘சூடோ சிடி’.

உபுண்டுவில் இதை அடித்தால் கட்டளை இல்லை என்று எர்ரர் வரும். சூடோவின் புதிய வெளியீடுகள் இன்னும் கனிவாக, “இது ஷெல் பில்ட்இன், நேரடியாக ஓட்ட முடியாது” என்றே சொல்லும். ரெட் ஹேட்டில் எர்ரரே வராது, ஏனென்றால் அங்கே /யூஎஸ்ஆர்/பின்/சிடி என்று ஒரு ஃபைல் நிஜமாகவே இருக்கிறது. திறந்து பார், இரண்டே வரி ஸ்கிரிப்ட்: உள்ளே போய் ‘பில்ட்இன் சிடி’ என்று கூப்பிடும். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரம் இத்தகைய கட்டளைகள் எக்ஸெக் மூலமும் கிடைக்க வேண்டும் என்று கேட்டதால் வைத்த ஃபைல். சொலாரிஸிலும் உண்டு.

அது ரூட்டாக ஓடும், டைரக்டரியை மாற்றும், உடனே செத்துப்போகும். டைரக்டரி என்பது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சொந்தமான விஷயம். பிள்ளை ப்ராசஸ் இடம் மாறினால் பெற்ற ஷெல் மாறாது. எர்ரர் இல்லாமல் ஒன்றுமே நடக்காமல் போவது, எர்ரர் வருவதைவிட மோசம். உன்னைப் போல் புதிதாக வருகிறவர்கள் தன் மேல்தான் தவறு என்று அரை நாள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சரி, என்ன செய்வது? ஒரு டைரக்டரிக்குள் போய்ப் பார்ப்பதுதான் தினசரி வேலை என்றால் அதற்கு ரூட் தேவையே இல்லை. குரூப் வைத்தோ ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) வைத்தோ படிக்கும் உரிமையைக் கொடுத்துவிட வேண்டும். என்றோ ஒருநாள் என்றால் ‘சூடோ எல்எஸ்’ முழுப் பாதையோடு. இதில் ஒரு குழி: ‘சூடோ எல்எஸ் /ரூட்/*.லாக்’ வேலை செய்யாது. நட்சத்திரக் குறியை விரிப்பது உன் ஷெல், அதற்கு /ரூட் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இதுவும் ஷெல் தானே செய்துகொள்கிற வேலைதான், பில்ட்இன்னின் தம்பி முறை.

சூடோ 1.9.3-லிருந்து ‘மைனஸ் பெரிய டி’ வந்திருக்கிறது, டைரக்டரி பெயரைக் கொடுத்தால் அங்கே போய்க் கட்டளையை இயக்கும்.

6 பிப்ரவரி, காலை 8.05

மேலே சொன்ன ‘மைனஸ் பெரிய டி’ எனக்கு அனுமதி இல்லை என்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். என் குறைதான், பாதி சொல்லி விட்டுவிட்டேன். சூடோவின் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் ஃபைலில் அந்த விதிக்கு சிடபிள்யூடி என்ற அமைப்பைக் கொடுத்திருந்தால்தான் அது திறக்கும். நட்சத்திரம் போட்டால் எங்கும் போகலாம். நட்சத்திரம் போடாதீர்கள், வேண்டிய பாதையை மட்டும் எழுதுங்கள்.

6 பிப்ரவரி, இரவு 11.20

நோட்டில் பெயர் இல்லாத கதைக்குத் திரும்ப வருகிறேன் என்றேன். எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் தம்பியின் லீட் சொன்ன அதே வார்த்தையில்தான் அது தொடங்கியது: தினம் ஒரு தொல்லை, ரூட் ஷெல்லே கொடுத்துவிடலாம்.

சில வருஷம் முன்பு எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் இடத்தில் லினக்ஸ் மெஷின்களுக்கு நான் பொறுப்பு. நைட் ஷிஃப்ட்காரர்கள் ‘சூடோ சிடி’ வேலை செய்யவில்லை, ‘சூடோ எக்கோ’ போட்டு ஃபைலில் எழுத முடியவில்லை என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் ஆபரேட்டர் ரோலுக்கு ‘சூடோ பேஷ்’ அனுமதித்தேன். நானேதான். எல்லா எக்ஸெக்கையும் ஆடிட்டில் (கர்னலின் கண்காணிப்புப் பதிவில்) பதிகிறோமே, யார் என்ன செய்தாலும் தெரிந்துவிடும் என்று மேலிடத்தில் நானே உறுதி சொன்னேன்.

ஒரு நாள் அதிகாலை ஒரு கணக்கு ஒப்பீட்டு ஃபைல் காலியாகக் கிடந்தது. ஃபைல் இருக்கிறது, அளவு பூஜ்யம். ஆடிட் பதிவை எடுத்தோம். அந்த நேரத்தை ஒட்டி இருந்ததெல்லாம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை பார்த்த ஒரு பெண் அடித்த ‘எல்எஸ்’, ‘டெயில்’ இவை மட்டும். வேறு யாருடைய தடமும் இல்லை. “அந்த நேரத்தில் வேறு எவரும் கட்டளை எதுவும் இயக்கவில்லை” என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “சார், நான் பார்க்க மட்டும்தான் செஞ்சேன்.” மூன்று நாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்தது என்னவென்றால், ஒரு சீனியர் முந்தைய நாள் சாயங்காலமே ரூட் பேஷ் ஒன்றைத் திறந்து, இணைப்பு போனாலும் செஷனைத் திறந்தே வைத்திருக்கும் டிமக்ஸில் விட்டு வைத்திருந்தார். முன்னிரவிலேயே வீட்டிலிருந்து அதற்குள் வந்திருந்தவர், வெகு நேரம் கழித்து, ஒரு லாக்கைக் காலி செய்வதாக நினைத்து, ஒரு முக்காற்புள்ளி, ஒரு பெரிது குறி, பாதை தவறிய ஒரு ஃபைல் பெயர் அடித்திருக்கிறார். முக்காற்புள்ளி என்பது ஒன்றும் செய்யாத பில்ட்இன். காலி செய்வது அந்தப் பெரிது குறி, அதாவது ரீடைரக்ஷன், அதைச் செய்வதும் ஷெல்லே. இதில் எக்ஸெக் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. எக்ஸெக் பதிவில் ஒரு வரிகூட விழவில்லை. பேஷ் தன் ஹிஸ்டரியை வெளியேறும்போதுதான் ஃபைலில் எழுதும் என்பதால் அதிலும் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் அவர் அந்த செஷனை மூடப் போனபோது மேல் அம்புக்குறியைத் தட்டி, அந்த வரியைப் பார்த்து, அவராகவே வந்து சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் மீண்டிருக்காது.

நான் அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையைத் திருத்தி எழுதினேன். ஆனாலும் அவர் அடுத்த மாதமே கிளம்பிவிட்டார். “கட்டளை எதுவும் இயக்கவில்லை” என்று நான் எழுதிய வரி இன்றும் எனக்கு மனப்பாடம். “எக்ஸெக் எதுவும் பதிவாகவில்லை” என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதருடைய வேலை இருந்தது.

7 பிப்ரவரி, பிற்பகல் 2.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சூடோவின் புதிய வசதிகளால் இதைப் பிடிக்க முடியுமே என்று கேட்டிருக்கிறார்கள். 2021-இல் வந்த சூடோ 1.9.8-இல் ‘இன்டர்செப்ட்’, ‘லாக்_சப்கமாண்ட்ஸ்’ இரண்டும் வந்தன. சூடோ மூலம் திறந்த ஷெல்லுக்குள் ஓடும் கட்டளைகளையும் பதியும். நல்ல வசதி, போட்டு வையுங்கள். ஆனால் அதுவும் எக்ஸெக்கைத்தான் இடைமறிக்கிறது. ஷெல் பில்ட்இன்கள் அதில் வராது என்று சூடோவின் கையேடே சொல்கிறது.

என் சம்பவத்தைப் பிடித்திருக்கக்கூடியது ஃபைல் மேல் வைக்கும் ஆடிட் காவல். ஆடிட்டில் அந்தப் பாதைக்கு எழுத்து, பண்பு மாற்றம் இரண்டையும் கவனிக்கச் சொன்னால், பில்ட்இன் வழியாக வந்தாலும் ஃபைலைத் திறக்கும் சிஸ்டம் கால் கர்னலைத் தொட்டே ஆக வேண்டும், அங்கே பதிவாகிவிடும். கட்டளை என்ற இடத்தில் ‘பேஷ்’ என்று மட்டும் இருக்கும், பரவாயில்லை. கூடவே ‘ஏயூஐடி’ என்று ஓர் எண் இருக்கும். முதலில் லாகின் செய்தவருடைய எண் அது. சூடோ போட்டாலும், எஸ்யூ போட்டாலும் மாறாது. ரூட் என்று மொட்டையாக நிற்காமல் ஆளைக் காட்டும்.

கேட் நோட்டை மட்டும் நம்பினேன். பீரோவுக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

8 பிப்ரவரி, காலை 10.30

சனிக்கிழமை. அல்சூர் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நேரம் இருக்கிறது.

‘சூடோ எக்கோ ஏதோ > /ஈடிசி/ஏதோ’ என்பது ஏன் தோற்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். எக்கோ ரூட்டாக ஓடுகிறது, ஆனால் ஃபைலைத் திறப்பது சூடோ தொடங்குமுன்பே உன் ஷெல். வழக்கமான மாற்று, எக்கோவின் வெளியீட்டை, வருவதை ஃபைலில் எழுதும் ‘சூடோ டீ’க்குப் பைப்பில் அனுப்புவது. அதற்கு ரோலில் ‘டீ’யை அனுமதிக்கும்போது எந்த ஃபைல் என்பதையும் சேர்த்து முழுசாக எழுத வேண்டும். அங்கே நட்சத்திரம் வைத்தால், சூடோயர்ஸில் ஆர்குமென்ட் பகுதியின் நட்சத்திரம் சாய்கோட்டையும் இடைவெளியையும் தாண்டும். பாஸ்வேர்ட் ஃபைல் வரை எழுதலாம், ரூட் ஷெல் கொடுத்ததற்குச் சமம். கான்ஃபிக் திருத்தம்தான் வேலை என்றால் ‘சூடோஎடிட்’ கொடுங்கள். அது ஃபைலின் நகலை எடுத்து, எடிட்டரை உங்கள் சொந்த அதிகாரத்திலேயே திறந்து, முடிந்ததும் திரும்ப வைக்கும்.

‘டெஸ்ட்’ விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. வெளி ஃபைலும் உண்டு, ஆகவே ‘சூடோ டெஸ்ட் மைனஸ் எஃப்’ சரியாக வேலை செய்யும். இரட்டைச் சதுர அடைப்புக்குறி மட்டும் ஷெல்லின் இலக்கணம், அதற்கு ஃபைல் கிடையாது.

8 பிப்ரவரி, மாலை 6.45

‘யூலிமிட்’ பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டேட்டாபேஸ் இன்ஸ்டால் செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம்: திறந்த ஃபைல்களின் எல்லையை 65536 ஆக்கச் சொல்லும், ‘சூடோ யூலிமிட்’ அடிப்போம். ரெட் ஹேட்டில் இதற்கும் சிடி போலவே ஒரு ஃபைல் உண்டு, மௌனமாக ஓடி, தன் எல்லையைத் தானே உயர்த்திக்கொண்டு, செத்துப்போகும்.

ஹார்ட் எல்லையை, அதாவது தாண்ட முடியாத உச்சத்தை, உயர்த்த அதிகாரம் வேண்டும், ஆனால் மாற வேண்டியது ஏற்கனவே ஓடுகிற உன் ஷெல். அதாவது வெளியிலிருந்து ஒருவர் வந்து உன் ஷெல்லின் எல்லையை மாற்ற வேண்டும். லினக்ஸில் ‘பிஆர்லிமிட்’ அதற்குத்தான் இருக்கிறது. ‘சூடோ பிஆர்லிமிட்’ போட்டு, இரட்டை டாலர் குறியால் உன் ஷெல்லின் பிஐடியை (ப்ராசஸ் எண்) கொடுத்தால், இருந்த இடத்திலேயே மாறிவிடும். கர்னல் 2.6.36-லிருந்து அந்த சிஸ்டம் கால் இருக்கிறது. சொலாரிஸில் ‘பிலிமிட்’. இரண்டும் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள், எக்ஸெக் வழியாகப் போகும், ரோலில் எழுதலாம், பதிவிலும் வரும். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக ஓடும் சர்வீஸ் என்றால் இதெல்லாம் தேவையில்லை, யூனிட் ஃபைலிலேயே எல்லையை எழுதிவிடலாம்.

எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். பில்ட்இன்னுக்கு அதிகாரம் கொடுக்க முடியவில்லையே என்று ஷெல்லையே ரூட் ஆக்குவதைவிட, அதே வேலையைச் செய்யும் வெளிக் கட்டளையைத் தேடிப் பிடிப்பது. பெரும்பாலும் ஒன்று இருக்கும்.

10 பிப்ரவரி, இரவு 10.05

தம்பி எழுதியிருக்கிறான்: முழுப் பாதையோடு ‘கில்’ போகிறதாம். ஆனால் லீட், “பசங்க ஒவ்வொரு தடவையும் முழுப் பாதை அடிக்கமாட்டாங்க”ன்னு சொல்றாராம். அதுவும் உண்மைதான்.

ரோலின் கேஎஸ்ஹெச் தொடக்க ஃபைலில் ‘கில்’ என்ற பெயருக்கு முழுப் பாதையைக் காட்டும் ஏலியாஸ் ஒன்று போட்டுவிடு. ஜாப் எண் வேண்டும்போது பின்சாய்கோடு போட்டு ‘\கில்’ என்று அடித்தால் பழைய பில்ட்இன் கிடைக்கும். அதே ஃபைலில் ‘சிடி’க்கு எதுவும் போடாதே, அது ஷெல்லின் சொந்த வேலை, அங்கே குழப்பம் வேண்டாம்.

அடுத்து, உங்கள் டீம் கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்த வேலைக்கு ரூட் கேட்டது என்று ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘டைப்’ அடித்து, பில்ட்இன்னா ஃபைலா என்று குறி. பில்ட்இன் என்று வருகிறவை நாலைந்துதான் இருக்கும். அவற்றுக்கு மேலே சொன்ன மாற்றுகளை எழுது. அந்தத் தாளோடு லீடிடம் போ. ரூட் ஷெல் வேண்டாம் என்று வாயால் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.

11 பிப்ரவரி, காலை 7.30

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ரெட் ஹேட் மெஷின்களில் முக்கியமான ஃபைல்கள் மேல் ஆடிட் காவல் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். ‘ஆடிட்சிடிஎல் மைனஸ் எல்’ அடித்தால் விதிகள் வரும். எக்ஸெக் வரி மட்டும்தான் இருக்கிறது என்றால், லீடிடம் பேச நாளைவரை காத்திருக்காதே.